மலைச்சரிவு வீடு

மலைச்சரிவு வீடு என்பது செங்குத்தான நிலத்தில், சரிவின் போக்கை அனுசரித்து வடிவமைக்கப்படும் குடியிருப்பு ஆகும். சமவெளியில் வீட்டின் வடிவத்தைப் பெரும்பாலும் மனையின் நீள அகலமும் உரிமையாளரின் தேவையும் முடிவு செய்கின்றன. மலையில் அதை முதலில் முடிவு செய்வது சரிவு, அடுத்தது தண்ணீர், காட்சி மூன்றாவதுதான். ஆனால் மனை வாங்குவோர் இந்த வரிசையைத் தலைகீழாகவே பார்க்கின்றனர். பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் மனை என்பதற்காக விலை கொடுத்தபின், அந்த நிலம் வீட்டைத் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. பரந்த காட்சி கிடைக்கும் இடம் பெரும்பாலும் சரிவு மிகுந்த இடமாகவே இருப்பதால் இந்த முரண் தவிர்க்க முடியாதது.

இக்கட்டுரை நீலகிரி மாவட்டத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு மலைச்சரிவு வீட்டின் வடிவமைப்பை விளக்குகிறது. இங்கு சொல்லப்படும் பொறியியல் அடிப்படைகள் கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற இடங்களுக்கும் பொருந்தும்; மண்ணும் மழையும் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

முன்னைய குடியிருப்புகள்

நீலகிரியின் பழைய குடியிருப்புகள் செங்குத்தான சரிவுகளில் அமைந்தவை அல்ல. படகர்களின் ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் மென்சரிவான மேடுகளில், சமவுயரக் கோட்டை ஒட்டி வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளைக் கொண்டவை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் நீண்ட முற்றம் இருக்கும். ஒரு வரிசை முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்பதால் மண்ணை வெட்டும் வேலை குறைவு. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் உதகமண்டலத்தில் கட்டத் தொடங்கிய கல் பங்களாவும் (இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது) அகன்ற மேட்டு நிலத்தில்தான் எழுந்தது.

நல்ல மேடுகள் தீர்ந்துபோன பின்னரே மனைகள் சரிவுகளுக்கு இறங்கின. இன்று 'மலைக்காட்சி மனை' என்று விற்கப்படும் பல இடங்கள் முன்பு தேயிலைச் செடிகள் நின்ற சரிவுகள். வீடு கட்ட முன்னோர் தேர்ந்தெடுக்காத நிலத்தில் கட்டுகிறோம் என்பதை வடிவமைப்பாளர் நினைவில் வைத்திருக்க வேண்டியுள்ளது.

சரிவை அளத்தல்

சரிவைப் பாகையாலும் விகிதத்தாலும் விழுக்காட்டாலும் குறிக்கலாம். கிடையாக 1 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் நிலம் 45 பாகைச் சரிவு உடையது. கிடையாக 2 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 27 பாகை; 3 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் 18 பாகைக்குச் சற்று மேல்.

எண்ணாகப் பார்க்கும்போது சிறியதாகத் தோன்றும் பாகை, வீட்டின் அளவில் பெரிதாகிவிடுகிறது. மலையிலிருந்து பள்ளத்தாக்கு நோக்கி 10 மீட்டர் ஆழமுள்ள வீட்டை 20 பாகைச் சரிவில் வைத்தால், அதன் பின்பக்க நிலத்துக்கும் முன்பக்க நிலத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 3.6 மீட்டர், அதாவது ஒரு மாடி. சரிவு 30 பாகை என்றால் அது 5.8 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மாடி. அதே வீட்டை 6 மீட்டர் ஆழமாகக் குறைத்து, சமவுயரக் கோட்டின் திசையில் நீட்டினால் 30 பாகைச் சரிவிலும் வேறுபாடு சுமார் 3.5 மீட்டராகக் குறைந்துவிடும். மலை வீடுகள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பது இக்காரணத்தால்தான். அறைகள் எல்லாவற்றுக்கும் காட்சி கிடைப்பது அதனால் வரும் கூடுதல் நன்மை.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன் மனையின் சமவுயரக் கோட்டு வரைபடம் தேவை. அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் இடைவெளியில் கோடுகள் வரும்படி, மனைக்கு வெளியே மேலும் கீழும் சில மீட்டர் சேர்த்து அளப்பது வழக்கம். வீட்டை இடிக்கக்கூடிய மண் பெரும்பாலும் பக்கத்து மனையிலிருந்தே வருகிறது.

கருவியின்றிக் கண்ணாலேயே காணக்கூடிய அடையாளங்களும் உண்டு. அடிமரம் வளைந்து பின் நிமிர்ந்து வளர்ந்த மரங்கள், மேல் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதைக் காட்டலாம். சாய்ந்த மின்கம்பங்கள், சாலையோரத்தில் பிறை வடிவ வெடிப்பு, கோடையிலும் ஈரமாகவே இருக்கும் திட்டு, சரிவின் நடுவே திடீரெனக் குழிந்த பழைய சரிவுத் தழும்பு ஆகியவை எச்சரிக்கைகள். மனையை வாங்குமுன் ஒருமுறையாவது மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. மார்ச் மாதத்தில் எல்லாச் சரிவும் உறுதியாகவே தெரியும்.

மண், பாறை, தண்ணீர்

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் எனும் மிகக் கடினமான பாறை. ஆனால் வீடுகள் அதன்மேல் நேரடியாக நிற்பதில்லை. நெடுங்காலம் மழையிலும் வெப்பத்திலும் சிதைந்த பாறை, செம்மண்ணாகவும் களிமண் கலந்த செம்புரை மண்ணாகவும் அதன்மேல் போர்த்திக் கிடக்கிறது. இந்தப் போர்வை சில இடங்களில் ஓரிரு மீட்டர். வேறு சில இடங்களில் பல பத்து மீட்டர். மழைநீர் அதற்குள் இறங்கி, உறுதியான பாறையைத் தொட்டதும் மேலும் இறங்க வழியின்றி அந்த மட்டத்தில் தேங்குகிறது. வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சரிவில் கிடக்கும் மண்ணின் எடையில் ஒரு பகுதி சரிவின் வழியே கீழே இழுக்கிறது. 30 பாகைச் சரிவில் அது எடையில் பாதி. 45 பாகையில் 70 விழுக்காட்டுக்கும் மேல். அதை எதிர்த்து நிற்பவை மண் துகள்களுக்கு இடையிலான உராய்வும் ஒட்டும் தன்மையும். நீர் புகும்போது இரண்டு பக்கமும் கெடுகிறது: மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குவதால் உராய்வு குறைகிறது. எதிர்க்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்துக் கிடைப்பது பாதுகாப்பு எண். இது 1 ஆகும்போது சரிவு நழுவும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். கட்டுமானத்தில் பொதுவாக 1.5 எதிர்பார்க்கப்படுகிறது. கோடையில் 1.5 உள்ள சரிவு அடைமழையில் அதே எண்ணோடு இருப்பதில்லை.

நீலகிரிக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேராக வாங்குகின்றன. குன்னூர், கோத்தகிரி ஆகியவை அமைந்த கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையே சோதனைக் காலம். 1978, 1979 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் நிகழ்ந்த நிலச்சரிவுகளுக்குப் பின் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இம்மலைகளை விரிவாக ஆராய்ந்தது. 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இரவில் தம் வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேலான அளவு அது.

சட்ட வரம்புகள்

தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் கட்டடங்களை ஒழுங்குபடுத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைக்கப்பட்டது. மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் 1993-இல் வந்தன. குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊர்களில் உள்ளாட்சியின் அனுமதி மட்டும் போதாது. புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை போன்றவற்றின் கருத்துரையும் கேட்கப்படுகிறது. நீலகிரியில் மண்ணை வெட்டப் பொக்லைன் இயந்திரத்தை இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

வடிவமைப்பை நேரடியாகப் பாதிக்கும் விதி உயர வரம்பு. நீலகிரியில் அது 7 மீட்டர். இரண்டு தளங்களுக்கு மேல் போக முடியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். பலரும் இதை ஒரு தடையாகவே பேசுகின்றனர். ஆனால் சரிவில் உயர்ந்து நிற்கும் கட்டடம் தனக்குக் கீழுள்ள மண்ணின்மேல் ஏற்றும் சுமையையும், மேலே உள்ள வீட்டின் காட்சியை மறைப்பதையும் எண்ணினால் இவ்விதி நல்ல வடிவமைப்புக்கு எதிரி அல்ல. இவை தவிர, மலைப்பகுதியில் மனைத் தேர்வு பற்றி இந்தியத் தர நிர்ணயம் 14243, தாங்குசுவர்கள் பற்றி 14458 ஆகிய எண்களில் வழிகாட்டி நூல்கள் உள்ளன. கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல் மாணவர்கள் இவற்றைப் படிப்பது பயன் தரும்.

சரிவில் வீட்டை நிறுத்தும் முறைகள்

மிகப் பழக்கமான முறை வெட்டி நிரப்புதல். சரிவின் மேற்பகுதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பகுதியில் கொட்டி, ஒரு மேடையை உண்டாக்கி, அதன்மேல் சமவெளி வீட்டைக் கட்டுவது. மேஸ்திரிகளுக்குத் தெரிந்த வேலை என்பதாலும் சமவெளி வரைபடத்தையே பயன்படுத்தலாம் என்பதாலும் இது முதலில் மலிவாகத் தெரியும். ஆனால் சரிவு கூடக்கூட வெட்டும் உயரமும் கொட்டும் உயரமும் விரைந்து வளர்கின்றன. அதோடு வீட்டின் ஒரு பாதி, காலங்காலமாக இறுகிய மண்ணிலும் மறு பாதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய பக்கம் இறங்கும். இறங்காத பக்கத்தோடு சேரும் கோட்டில் சுவர் வெடிக்கும். இத்தகைய வீடுகளில் நடுக்கூடத்தின் குறுக்கே ஓடும் விரிசல் பூச்சுவேலையின் குறை என்று எண்ணி மீண்டும் மீண்டும் பூசப்படுவதுண்டு. எல்லாத் தூண்களும் வெட்டிய பக்கத்து இறுகிய மண்ணிலோ, கொட்டிய மண்ணைத் துளைத்து அதற்குக் கீழுள்ள உறுதியான அடுக்கிலோ நிற்க வேண்டும். கொட்டிய மண் தோட்டத்துக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது முறை படிவீடு. வீடே படிக்கட்டுபோல் சரிவில் இறங்குகிறது. ஒவ்வொரு பகுதியின் தரையும் முந்தையதைவிட அரை மாடியோ ஒரு மாடியோ தாழ்ந்திருக்கும். கீழ்ப்பகுதியின் கூரை மேல்பகுதியின் முற்றமாகிறது. வெட்டும் மண் குறைவு. ஒரே பெரிய சுவருக்குப் பதிலாகச் சிறிய சுவர்கள் பல. முதுமையில் இந்தப் படிகள் சுமையாவதுதான் இதன் குறை. எனவே ஒரு படுக்கையறை, குளியலறை, சமையலறை, நுழைவாயில் ஆகிய நான்கையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் இறக்குவது விவேகமானது.

மூன்றாவது, நிலத்தைத் தொடாமல் தூண்களின்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்துதல். மண்ணை வெட்ட வேண்டியதில்லை. மழைநீர் வீட்டுக்கு அடியிலேயே தன் வழியில் போய்விடும். பார்வைக்கும் இதுவே எடுப்பானது. ஆனால் நிலநடுக்கத்தில் இதற்கென ஒரு சிக்கல் உண்டு. மேல்பக்கத் தூண் 2 மீட்டர், கீழ்ப்பக்கத் தூண் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரே குறுக்களவுள்ள அவ்விரண்டில் குட்டைத் தூண் 27 மடங்கு விறைப்பானது. ஏனெனில் பக்கவாட்டு விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. தளம் அசையும்போது இரண்டும் ஒரே தூரம் அசைய வேண்டியிருப்பதால், விசை ஏறத்தாழ முழுவதும் குட்டைத் தூண்களிடம் வந்து சேர்கிறது. அவை முதலில் உடைகின்றன. உயரமான தூண்கள்தாம் ஆபத்தானவை என்ற பொது எண்ணம் இங்கே தலைகீழாகிறது. 2011 செப்டம்பரில் சிக்கிமைத் தாக்கிய நிலநடுக்கத்தில் சரிவில் நின்ற கட்டடங்கள் பல சேதமுற்றன. தூண்களை இடையில் உத்தரங்களால் இரு திசையிலும் பிணைப்பது, மேல்பக்கத்தில் குட்டைத் தூண்களுக்குப் பதில் கான்கிரீட் சுவர் வைத்து அதையே விசையை ஏற்கும்படி கணக்கிடுவது ஆகியவை வழக்கமான தீர்வுகள்.

நடைமுறையில் நல்ல மலை வீடுகள் பெரும்பாலும் கலவையாகவே இருக்கின்றன: பின்பகுதி மண்ணில் பதிந்து, முன்பகுதி தூண்களில் நிற்கும்.

கீமோஸ்பியர்: ஒற்றைத் தூண் வீடு

தூண் முறையின் எல்லைக்கே சென்ற வீடு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஹாலிவுட் குன்றுகளில் உள்ளது. விண்வெளித்துறைப் பொறியாளரான லியோனார்டு மாலினுக்காகக் கட்டடக்கலைஞர் ஜான் லாட்னர் வடிவமைத்த இது 1960-இல் முடிந்தது. மனையின் சரிவு ஏறத்தாழ 45 பாகை. வீடு கட்ட உதவாது என்று கருதப்பட்ட நிலம். அதை வெட்டிச் சமப்படுத்தியிருந்தால் மாபெரும் தாங்குசுவர்கள் தேவைப்பட்டிருக்கும். லாட்னர் சரிவை அப்படியே விட்டுவிட்டு, சுமார் 9 மீட்டர் உயரமும் 1.5 மீட்டர் விட்டமும் உள்ள ஒரே கான்கிரீட் தூணை நட்டு, அதன்மேல் எண்கோண வடிவ வீட்டை வைத்தார். தூணிலிருந்து கிளைக்கும் எஃகுத் தாங்கிகள் தளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்கின்றன.

நிழற்படங்களில் அனைவரும் பார்ப்பது அந்தத் தூணை. பொறியியல் மாணவர் கவனிக்க வேண்டியது படத்தில் தெரியாத பகுதியை: தூணுக்கு அடியில் ஏறத்தாழ 6 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் மேடை மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. பல நிலநடுக்கங்களைக் கடந்து வீடு நிற்பதற்கு அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. அனைத்துப் பக்கமும் கண்ணாடி. சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கும் அதற்கு அப்பாலுள்ள மலைகளும் காட்சியாகின்றன. சாலையிலிருந்து வீட்டை அடையச் சரிவில் ஓடும் சிறு இழுவை ஊர்தி அமைக்கப்பட்டது. மாலின் ஒதுக்கிய தொகையைவிடச் செலவு பன்மடங்காகி, பொருள் வழங்கிய நிறுவனங்களின் ஆதரவோடுதான் வீடு முடிந்தது. கீமோஸ்பியர் என்ற பெயரே அவற்றுள் ஒன்றான கெம் சீல் நிறுவனத்தைக் குறிப்பது. 2004-இல் இது நகரின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வீட்டை அப்படியே குன்னூரில் நகலெடுப்பது பொருந்தாது. லாஸ் ஏஞ்சல்ஸ் மழை குறைந்த ஊர். அதன் அடிப்படைச் சிந்தனை மட்டும் எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது: கெட்ட சரிவைத் தொடும் இடங்களைக் குறை, தொடும் இடத்தில் ஆழமாகவும் அகலமாகவும் தொடு.

தாங்குசுவர்

மலையில் செலவின் பெரும்பகுதி வீட்டுக்கு அல்ல, வீட்டைச் சுற்றியுள்ள சுவர்களுக்குப் போவதுண்டு. வெட்டிய முகத்தை ஒட்டி எழுப்புவது ஒருவகை. கொட்டிய மண்ணைக் கீழிருந்து தாங்குவது மற்றொரு வகை. கருங்கல் கட்டு, இரும்புக் கம்பி வலைப் பெட்டிக்குள் கல் அடுக்கும் கேபியன், கான்கிரீட் சுவர் என மூன்றும் நீலகிரியில் காணப்படுகின்றன. மழை மிகுந்த இடத்தில் கேபியனுக்கு ஒரு தனி நன்மை உண்டு: அது தண்ணீரைத் தடுப்பதே இல்லை.

தண்ணீரைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் சமதளமாக நிரப்பிய, நீர் வடிந்த மண், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2.7 டன் விசையால் தள்ளுகிறது. அதே மண்ணில் தண்ணீர் சுவரின் உச்சி வரை தேங்கிவிட்டால் தள்ளுவிசை சுமார் 6 டன். அதில் நான்கரை டன் தண்ணீருடையது மட்டும். பின்னால் மண் மேல்நோக்கிச் சரிந்திருந்தால் இரண்டு எண்களுமே கூடும். சரிந்து விழுந்த சுவர்களைப் பார்த்து 'சிமெண்ட் போதவில்லை' என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் போதாதது துளை. சுவரில் மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் வெளிப்புறம் சாய்ந்த குழாய்த் துளைகள், அவற்றுக்குப் பின்னால் மண் புகாதபடி ஜல்லி அடுக்கு, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிதுணி, அடியில் நீளவாட்டில் ஒரு வடிகுழாய் ஆகியவை சேர்ந்ததே முழுமையான தாங்குசுவர்.

வெட்டுமுகச் சுவரையே வீட்டின் பின்சுவராக்கி இடத்தை மிச்சப்படுத்தும் பழக்கம் தவிர்க்கத்தக்கது. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டராவது விட்டால் ஈரம் அறைக்குள் வராது. பின்னறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். கால்வாயைத் துப்புரவு செய்ய ஆள் இறங்கலாம்.

மழைநீரும் கழிவுநீரும்

150 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 15,000 லிட்டர். அவலாஞ்சியின் அந்த ஒருநாள் மழை அதே கூரையில் பெய்தால் 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்து. கூரை விளிம்பிலிருந்து அது நேரே சரிவில் கொட்டினால் சில பருவங்களுக்குள் அடித்தளத்தின் முன்பக்க மண்ணை அரித்துவிடும்.

சமவெளியில் மழைநீரை உறிஞ்சுகுழியில் இறக்குவது நற்பழக்கம். செங்குத்தான சரிவில் அதே பழக்கம் கேடாக முடியலாம். உலர்ந்திருக்க வேண்டிய மண்ணுக்குள் நாமே தண்ணீரைச் செலுத்துகிறோம். மலையில் மழைநீரைத் தொட்டியில் சேமித்து, மிகுவதை மூடிய குழாய் வழியே இயற்கை ஓடைக்கோ சாலைக் கால்வாய்க்கோ கொண்டுபோய் விடுவதே பொருத்தம். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்கும் இது பொருந்தும். அந்தக் குழி ஆண்டு முழுவதும், மழையில்லாத நாளிலும் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு நேர் மேலே அல்லது தாங்குசுவருக்குப் பின்னால் அதை வைப்பது மிக மோசமான இடத்தேர்வு. மனையின் மேல்விளிம்பில் குறுக்கே ஒரு பிடிகால்வாய் வெட்டி, மேலிருந்து வரும் நீரை வீட்டின் இருபுறமும் திருப்பிவிட வேண்டும். அந்நீரைக் கீழ்வீட்டுக்காரரின் சுவருக்குப் பின்னால் கொண்டு விடுவது மலையூர்களில் அண்டை வீட்டுச் சண்டைகளுக்கு முதற்காரணம்; சண்டையோடு நின்றால் நல்லூழ்.

காட்சியும் அறைகளும்

சாலை மனைக்கு மேலே இருந்தால் வீடு தலைகீழாகிறது: மேல்தளத்தில் நுழைந்து, கூடத்திலும் சமையலறையிலும் இருந்துவிட்டு, உறங்கக் கீழே இறங்குவது. கூடத்துக்கு அகன்ற காட்சி, படுக்கையறைகளுக்கு அமைதி என்பதால் இவ்வமைப்பு பெரும்பாலும் நன்றாக அமைகிறது. சாலை கீழே இருந்தால் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டும். காட்சிக்கு நடுவே வாகனங்களும் வரும்.

சுவர் முழுவதும் கண்ணாடி வைப்பதே நவீன மலை வீடு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உதகையில் டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. ஒற்றைக் கண்ணாடி வழியே வெளியேறும் வெப்பம், இரட்டைக் கண்ணாடியில் வெளியேறுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. விடியற்காலையில் உட்புறம் நீர்த்துளிகள் படிந்து, காட்சியே தெரியாமல் போகும். மலை எல்லா நேரமும் தெரிவதும் இல்லை. மூடுபனி நாள்களில் பெரிய கண்ணாடி வெறும் வெள்ளைச் சுவர்தான். ஆகவே கூடத்தில் ஒரு பெரிய சன்னலும், மற்ற அறைகளில் ஒரு சிகரத்தையோ ஒரு மரத்தையோ குறிவைத்த சிறிய சன்னல்களும் போதும். தரையில் அல்லது நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் சுமார் 80 சென்டிமீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை. சன்னலின் கீழ்விளிம்பை 45 சென்டிமீட்டரில் வைத்தால் பள்ளத்தாக்கு தெரியும். அந்த விளிம்பே அகலமாக இருந்தால் உட்காரும் திண்ணையாகவும் ஆகும். கைப்பிடிச் சுவரைச் செங்கல்லால் கட்டினால் அமர்ந்த நிலையில் காட்சி அங்கேயே முடிந்துவிடும். மெல்லிய கம்பிகள் மேல்.

நீலகிரி வடக்கு அட்சம் 11 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. டிசம்பர் மாத நண்பகலில் கதிரவன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கிறது. குளிர்காலத்தில் வெயில் உள்ளே வர வேண்டுமானால் தெற்கிலும் கிழக்கிலும் சன்னல் வேண்டும். காட்சி வடக்கே இருக்கும் மனைகளில் இது கடினம். கூரையில் ஒரு பகுதியை உயர்த்தித் தெற்கு வெயிலை மேலிருந்து இறக்குவது ஒரு வழி. கூடலூர் பக்கத்தில் தென்மேற்குச் சாரலை எதிர்கொள்ளும் சன்னல்களுக்கு ஆழமான கூரைநீட்டம் இல்லாவிட்டால் சூன் முதல் செப்டம்பர் வரை அவை மூடியே கிடக்கும்.

தூண்களுக்கு நடுவே மிஞ்சும் அடித்தள இடத்தைக் குப்பைத்தொட்டி வைக்கும் இடமாக்கக் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடியும் காட்டெருமையும் குடியிருப்புக்குள் வருவது அன்றாடச் செய்தி.

கட்டும் வரிசை

சரிவு வேலைக்கு ஏற்ற காலம் சனவரி முதல் மே வரை. மழைக்கு முன் வெட்டிய முகம் எதுவும் சுவரின்றித் திறந்திருக்கக் கூடாது. மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். அடியைத் தோண்டி மேல்மண்ணைத் தானாக விழவிடும் முறையில் ஆண்டுதோறும் தொழிலாளர்கள் புதைகின்றனர். நீளமான முகத்தை ஒரே மூச்சில் வெட்டாமல், மூன்று நான்கு மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டிச் சுவர் எழுப்பிய பின் இடைப்பட்ட துண்டுகளை வெட்டுவது பாதுகாப்பானது. இதற்கு நாள் அதிகமாகும், ஒப்பந்தக்காரர் தயங்குவார். தாங்குசுவரும் வடிகாலும் முடிந்த பிறகே வீட்டுக்கு அடித்தளம் தோண்ட வேண்டும். பணம் தீர்ந்துபோய்ச் சுவர் வேலை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளப்படுவது இந்த வரிசையை மாற்றும்போதுதான்.

வெட்டாத சரிவில் உள்ள மரஞ்செடிகளை அப்படியே விடலாம். வெட்டிய மண்ணில் வெட்டிவேர்ப் புல்லைச் சமவுயரக் கோட்டில் வரிசையாக நட்டால் அதன் வேர் செங்குத்தாக 2 முதல் 3 மீட்டர் வரை இறங்கி மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆழமான வழுக்கலை அது தடுக்காது.

குடிபுகுந்த பிறகும் ஆண்டுதோறும் மே மாதத்தில் செய்ய வேண்டியவை சில உள்ளன. தாங்குசுவரின் துளைகளில் கம்பி விட்டு அடைப்பு நீக்குதல், பிடிகால்வாயில் விழுந்த சருகை அள்ளுதல், சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் தேதியிட்டுக் கோடு போடுதல் ஆகியவை அவை. மழைக்காலத்தில் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டாலோ, கதவு திடீரென இறுகினாலோ, எப்போதும் தெளிவாக வடியும் துளையில் செம்மண் கலங்கிய நீர் வந்தாலோ, துளை வடிவதே நின்றாலோ அன்றிரவு அந்த வீட்டில் தங்காமல், கீழ்வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும்.